கால் ஸ்கேல் டைகர் மோத், 88 இஞ்ச் றெக்கை: 35 சிசி போதுமா, 55 போடணுமா?

பணகுடி_பறவை:
எல்லாருக்கும் வணக்கம். மூணு வருசமா ரிமோட் மாடல் ப்ளேன்ல எலக்ட்ரிக் தான் ஓட்டுதேன், அதுக்கு முன்னால மெத்தனால்ல ஓடுற 46 சைஸ் க்ளோ இன்ஜின் ஒண்ணு வச்சிருந்தேன், பெட்ரோல் இன்ஜின கைல தொட்டதே கெடையாது. போன மாசம் நாகர்கோவில்ல ஒரு பெரியவர் வீட்டுப் பரண்ல பாதி கட்டிக் கெடந்த டைகர் மோத் (ரெண்டடுக்கு றெக்கை உள்ள பழைய இங்கிலீஷ் விமானம்) பிரேம் ஒண்ணு கெடச்சுது. கால் ஸ்கேல், அதாவது நெசத்துல நாலுல ஒரு பங்கு சைஸ், மேல் றெக்கை முனைக்கு முனை 88 இஞ்ச், பால்சாவும் ப்ளைவுட்டும், வேலை அவ்வளவு சுத்தம். அவருக்கு கண்ணு மங்கிட்டாம், ஒரு பைசா வாங்காம தூக்கிக் குடுத்துட்டாரு, "பறந்தா மட்டும் வந்து சொல்லு"ன்னாரு. அதனாலயே இத கோட்ட விட்ரக் கூடாதுன்னு ஒரு பயம்.

துணி ஒட்டி சர்வோ (றெக்கை, வால் பலகைய அசைக்கிற குட்டி மோட்டார்) எல்லாம் மாட்டினா மொத்தம் ஒம்பது பத்து கிலோ வரும்னு நெனைக்கேன். பெட்ரோல் இன்ஜின்ல டிஎல்இ கம்பெனி 35 சிசி பின்பக்க எக்ஸாஸ்ட், அதே கம்பெனி 55 சிசி, பழைய செனோவா கம்பெனி ஜி-38 ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வருது, இந்த மூணுல மண்ட காயுது. யூடியூப்ல பாத்தா எல்லாரும் லேசான இன்ஜினா வாங்கு லேசான இன்ஜினா வாங்குன்னே சொல்லுதாவ. பறக்க விடுத எடம் வீட்டுக்குப் பின்னால உள்ள குளம், சித்திரை வைகாசில காஞ்சு தார் ரோடு மாதிரி கெடக்கும். எது வாங்கலாம்?

மேலப்பாளையம்_55:
55 தான் மக்கா, யோசிக்கவே வேண்டாம். ரெண்டு றெக்கை, நடுவுல ஸ்ட்ரட்டு, குறுக்க கம்பி, கீழ ரெண்டு சக்கரம், எல்லாம் காத்தப் புடிச்சு பின்னால இழுக்கும். அதும் உங்க ஊரு கணவாய்க் காத்துக்கு. பவர் கூட இருந்தா ஸ்டிக்க கொறச்சுக்கலாம், கொறஞ்சா ஆகாயத்துல வச்சு எங்க போயி வாங்குவ? நான் 55 வச்சு ரெண்டு ப்ளேன் ஓட்டுதேன், ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல.

சாரல்_அண்ணாச்சி:
55 காரரு சொல்லுதது தப்புங்க மாட்டேன், ஆனா கேள்விய வால் பக்கமாப் புடிச்சிருக்காரு. பவர் கணக்க மொதல்ல தீத்துருவோம் தம்பி. நெசமான டைகர் மோத்ல இருந்தது 130 குதிரை ஜிப்சி மேஜர் இன்ஜின், முழு லோடுல அது 828 கிலோ. கால் ஸ்கேல்னா நீளம், அகலம், உயரம் மூணும் நாலுல ஒண்ணு, அதனால எடைய 64ஆல வகுக்கணும், பதிமூணு கிலோ வரும், உங்களுது பத்துன்னா அதவிட லேசு. வேகமும் பாதியாங்கதால பவர 128ஆல வகுக்கணும், வாரது ஒரு குதிரை. ஒண்ணே ஒண்ணு. சின்ன புரொப் (முன்னால சுத்துற விசிறி) வேகமா சுத்தும்போது வீணாப் போறது ஜாஸ்தி, சரி ரெண்டுன்னே வைங்க, 35 சிசிக்கு கம்பெனிக்காரன் எழுதி இருக்கது நாலு குதிரை. அதுல பாதி பொய்யின்னாலும் போதும்லா.

அடுத்தது வேகம். நெசமான விமானத்தோட உச்ச வேகமே மணிக்கு 175 கிலோமீட்டர் தான், கால் ஸ்கேல்ல அதுல பாதி, 87. 20க்கு 8 புரொப் (விட்டம் 20 இஞ்ச், பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு முன்னால போற தூரம், 8 இஞ்ச்) நிமிசத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்தினா பேப்பர் கணக்குல 85 வருது. அப்ப பைப்ளேனுக்கு வேண்டியது பெரிய விட்டம், கொறஞ்ச பிட்ச், மாட்டு வண்டி மாதிரி மெல்ல இழுக்கணும், அத விட்டுட்டு பிட்ச் கூட உள்ள சின்ன புரொப்பப் போட்டு அலற விட்டா சத்தம் தான் வரும், இழுவ வராது.

இப்ப விசயத்துக்கு வாரேன். டைகர் மோத்துக்கு மூக்கு குட்டை, வால் நீட்டம். யூடியூப்காரன் லேசான இன்ஜின் வாங்குங்கானே, அவன் ஓட்டுதது வேற சாதி ப்ளேன். நான் 2014ல இதே ப்ளேனுக்கு ஆசப்பட்டு 30 சிசி லேசு இன்ஜின் போட்டேன், கடேசில பேலன்ஸ் பாத்தா வால் தரைய விட்டு எந்திரிக்கவே இல்ல, மூக்குல ஒரு கிலோ நூறு கிராம் ஈயம் கட்டினேன். இன்ஜின விட ஈயம் கனம்! சும்மா செத்த கனத்த சொமந்துட்டு போறதுக்கு அந்தக் கனத்த இன்ஜினாவே வாங்கி இருக்கலாம்லா. உவரில மீன் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு, கடக்காரரு "என்ன சார் எந்த போட்டுக்கு"ன்னாரு, நான் பதில் சொல்லல.

அதனால இப்ப எதையும் வாங்கிராதிய. துணி ஒட்டுங்க, சர்வோ, சக்கரம், கௌலிங் (இன்ஜின் மூடி), பேட்டரி, காலி டேங்க் எல்லாத்தையும் அதது எடத்துல வைங்க. பிளான்ல பேலன்ஸ் குறிச்ச எடத்துல கயித்தக் கட்டி ப்ளேன உத்தரத்துல தொங்க விடுங்க. ஃபயர்வாலுக்கு (இன்ஜின் மாட்டுற பலகை) முன்னால இன்ஜின் நடு வார எடத்துல ஒரு சாக்குப்பையக் கட்டி பைய பைய ஆத்து மணல் போடுங்க, ப்ளேன் நேரா நிக்கும்லா, அப்ப பைய அவுத்து மளிகைக் கடை தராசுல வைங்க. அந்த எடைக்கு எந்த இன்ஜின் வருதோ அது தான் உங்க இன்ஜின்.

அம்பை_களைவெட்டி:
அண்ணாச்சி சொன்ன மணல் வித்தைய நானும் எழுதி வச்சுக்கிட்டேன். நான் ப்ளேன் ஓட்டத் தொடங்கி ரெண்டு வருசம் தான், ஆனா சோறு போடுதது களை வெட்டுற மெஷின் ரிப்பேரு, அதனால ஒரு ரெண்டு விசயம்.

மொதல்ல, இதெல்லாம் படிச்சுட்டு 52 சிசி களைவெட்டி இன்ஜின கழட்டி மாட்டினா என்னன்னு உங்களுக்கு கண்டிப்பா தோணும், எனக்குத் தோணிச்சு. கிளச், ஸ்டார்ட்டர், ஃபேன் மூடி எல்லாம் கழட்டி, பேட்டைல ஒரு லேத்துல புரொப் ஹப் கடைஞ்சு வாங்கினேன், ஓடிச்சு, ஆனா அந்த ஷாஃப்டு இந்த மாதிரி சோலிக்குப் பண்ணினது இல்ல, புரொப்போட ஆட்டம் முழுக்க பேரிங்குல இறங்குது. நாலாவது தடவ ஓட்டும்போது ஹப்பு லேசா ஆடுறதப் பாத்துட்டேன். 20 இஞ்ச் புரொப் கழண்டு வந்தா எங்க போகும்னு யாருக்குத் தெரியும். இப்ப அது திரும்ப களை வெட்டுது.

ரெண்டாவது பெட்ரோல். இந்த இன்ஜின் எல்லாத்துலயும் இருக்கது நம்ம மெஷின்ல உள்ள அதே வால்ப்ரோ வகை கார்புரேட்டர், உள்ள தகடு மாதிரி மெல்லிசா ரப்பர் சவ்வு இருக்கும், அது துடிச்சு தான் பெட்ரோல இழுக்கும். இப்ப பங்க்குல வாரது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. நம்பலேன்னா ஊசி போடுற 50 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு எடுங்க, ஊசிய மாட்டாதிய, மூக்க மெழுகு வச்சு அடைச்சுட்டு பத்து மில்லி தண்ணி, நாப்பது மில்லி பெட்ரோல், குலுக்கிட்டு அஞ்சு நிமிசம் நேரா நிக்க வைங்க. அடில பத்துல நிக்க வேண்டிய தண்ணி பதினேழு பதினெட்டு கோட்டுக்கு ஏறி நிக்கும், ஏறின அவ்வளவும் எத்தனால், தண்ணியோட போயி சேந்துட்டது. (வெளில வச்சு செய்யுங்க, பீடிய அணைச்சுட்டு.) அந்த எத்தனால் காத்துல உள்ள ஈரத்தையும் இழுக்கும், மாசக்கணக்கா டேங்குல விட்டா சவ்வு வெறச்சு அப்பளமா போவுது. எங்கிட்ட வார மெஷின்ல பாதிக்கு மேல இந்த ஒரே வியாதி. அதனால ஓட்டி முடிச்சதும் டேங்க காலி பண்ணி, இன்ஜின தானா நிக்குற வரைக்கும் ஓட விடுங்க. சவ்வு கிட் ஒண்ணு கைல இருக்கட்டும், களைவெட்டி ரிப்பேர் கடைலயே பெரும்பாலும் பொருந்துறது கெடைக்கும்.

க்ளோ இன்ஜின்ல இருந்து வாரிய, அதனால இதும்: உங்ககிட்ட கெடக்க சிலிக்கான் ட்யூப பெட்ரோலுக்குப் போட்றாதிய. ஊறி மண்புழு மாதிரி பெருத்து, நிப்பிள விட்டு தானா கழண்டு வரும். டேங்க் மூடி ரப்பரும் பெட்ரோலுக்கு உள்ளதா மாத்தணும்.

பணகுடி_பறவை:
அண்ணாச்சி, அம்பை அண்ணன், ரொம்ப நன்றி. அந்த சிரிஞ்ச் வேலைய இன்னைக்கே பண்ணிட்டேன், பதினெட்டுல வந்து நிக்கு, வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன், யாரும் மதிக்கல.

ரெண்டு சந்தேகம். ஜி-38ல மேக்னெட்டோ, சுத்துற காந்தத்துலயே பொறி வரும், பேட்டரியே வேண்டாம்னு விக்கிறவர் சொல்லுதாரு, அது நல்லது தான? பொறவு கைல தட்டி ஸ்டார்ட் பண்றத நெனச்சாலே வயித்தக் கலக்குது.

சாரல்_அண்ணாச்சி:
கலக்கணும், அது நல்லது. மேக்னெட்டோ ஆயுசுக்கும் நிக்கும், பேட்டரி தீந்துச்சு ஒயர் கழண்டுச்சுன்னு ஒண்ணும் கெடையாது, ஆனா பொறி விழணும்னா வேகமா சுத்தணும், கைல தட்டினா எளிசுல பிடிக்காது, திருப்பியும் உதைக்கும். ஸ்ப்ரிங் ஸ்டார்ட்டர் கூட இருக்கான்னு கேளுங்க. மறந்துறாதிய, மேக்னெட்டோவுக்கு பேட்டரி இல்லேங்கதால சுவிட்ச அணைச்சா நிக்கும்னு இல்ல, கில் ஒயர பாடில தொட வச்சாத்தான் நிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் ஸ்டார்ட் ஆவும்போது பொறிய தள்ளிப் போடும், அதனால மெதுவா தட்டினாலே பிடிக்கும். அதுக்கு தனி பேட்டரி வேணும், அந்தப் பெட்டியும் ரிசீவரும் ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், இக்னிஷன் எரைச்சல் ரிசீவருக்குப் போவாம இருக்க த்ராட்டில் கம்பி இரும்புல வேண்டாம், பிளாஸ்டிக் ராடு போடுங்க. பேட்டரியும் இக்னிஷனும் மூக்குல தான் உக்காரும், நமக்கு அது லாபம்.

எது ஆனாலும் கனத்த தோல் கையுறை, வால் பக்கம் ஒரு ஆள் புடிச்சுக்கிடணும், இல்ல முளைக்குச்சில கட்டணும். என் இடது கைல சுண்டு விரல் நுனி மடங்காது, காரணம் கேட்டா ப்ளேன்னு சொன்னா சிரிக்காவ.

மேலப்பாளையம்_55:
அண்ணாச்சி கௌலிங் பத்தி சொல்லலியே. அது ரொம்ப ஒடுக்கம்லா, தலைகீழா மாட்டினா தான் சிலிண்டர் உள்ள போவும். தலைகீழா மாட்டினா க்ளோ மாதிரி ப்ளக்கு நனஞ்சு அழுமேன்னு பயப்படாதிய, பெட்ரோல்ல அது கம்மி, சோக்க மட்டும் அளவா இழுங்க. முன்னால காத்து உள்ள வார ஓட்டைய விட வெளிய போற ஓட்ட ரெண்டு மூணு மடங்கு பெருசா இருக்கணும், இல்லேன்னா நம்ம ஊரு வெயிலுக்கு பத்து நிமிசத்துல இன்ஜின் சீஸ். உள்ள ஒரு அட்டைய அடைச்சு காத்த சிலிண்டர் ஃபின்னுக்கு (சூட்ட வெளிய விடுற தகடு) நடுவுல தான் போயாகணும்னு கட்டாயப்படுத்தணும்.

சாரல்_அண்ணாச்சி:
பாத்தியளா, 55 காரருக்கு விசயம் தெரியும், சிசி நம்பர் தான் வாயில மொதல்ல வருது.

தம்பி, இன்னொண்ணு, குளம்னு சொன்னியளே, பணகுடி பக்கத்துல மகேந்திரகிரில இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற எடம் இருக்கு. அந்தப் பக்கம் கூடங்குளம், இந்தப் பக்கம் விஜயநாராயணத்துல நேவி. நடுவுல நின்னுட்டு பத்து கிலோ சாமான ஆகாயத்துல ஏத்துனா நம்மள நாலு பேரு தேடி வருவாவ. அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ப தெறந்து உங்க குளம் எந்தக் கலர்ல இருக்குன்னு பாத்துட்டு பச்சையா உள்ள எடத்துக்கு வண்டிய கட்டுங்க. ஆடிக் காத்துல மொத தடவ ஏத்தவே வேண்டாம், 55 இல்ல 111 போட்டாலும் அது பட்டம் மாதிரி தான் நிக்கும். கார்த்திகை மழைக்குப் பொறவு, தைல, விடியக்காலைல.

பணகுடி_பறவை:
பத்து நாள் கழிச்சு வாரேன். குளம் செவப்பு. சரி, அது போட்டும், எட்டயபுரம் பக்கம் மாமா வீட்டுக் கரிசல் காடு இருக்கு, அங்க பச்ச தான்.

மணல் வித்தைய நேத்து ராத்திரி பண்ணினேன். துணி ஒட்டி முடிஞ்சுட்டு, ரிசீவர் பேட்டரிய ஃபயர்வாலுக்கு பின்னால ஒட்ட வச்சு, உத்தரத்துல கட்டி தொங்க விட்டு, அம்மா டார்ச் அடிக்க நான் ஒவ்வொரு கையா மணல் போட்டேன். ஒரு கிலோ இருக்கும்னு நெனச்ச எடத்துல வால் அசையவே இல்ல, தொங்கிட்டே கெடந்துச்சு. கடேசில எந்திரிச்சு நேரா நின்னப்ப ரெண்டு கிலோ ஐம்பது கிராம், காலைல மளிகைக் கடை தராசுல வச்சுப் பாத்தேன். 35அ சைலன்சர், இக்னிஷனோட சேத்தாலும் ஒண்ணே கால் கிலோ தாண்டாது, பேட்டரி, மவுண்ட், புரொப் போக மிச்சத்துக்கு ஈயம் தான். 55னா சைலன்சர், இக்னிஷன் சேத்து ஒன்றரை கிலோவுக்கு மேல, அதுக்குள்ள இக்னிஷன் பேட்டரியும் கனமான மவுண்ட்டும் புரொப்பும் சேந்தா கிட்டத்தட்ட சரியா வருது. ஜி-38அ நேர்ல போயி தராசுல வச்சுப் பாக்கலாம்னு போன் பண்ணினேன், வித்துட்டாராம்.

மேலப்பாளையம்_55:
நான் மொத நாளே சொன்னேன்லா!!!

சாரல்_அண்ணாச்சி:
நீரு சொன்னது பவருக்கு வே, தராசு சொன்னது கனத்துக்கு. சரி, 55ஏ வாங்குங்க தம்பி. 22 இஞ்ச் புரொப் போடணும்னா ப்ளேன பறக்குற நெலைல நேரா தூக்கி வச்சு புரொப் நடுவுல இருந்து தரைக்கு எத்தன சென்டிமீட்டர்னு அளந்து போடுங்க, பாதி விட்டம் 28 புரொப்புக்கே போயிரும், அதுக்கு மேல ஆறு சென்டிமீட்டராவது மிச்சம் வேணும்.

பணகுடி_பறவை:
அளந்துட்டேன் அண்ணாச்சி, 33.

சாரல்_அண்ணாச்சி:
அஞ்சு தான் மிச்சம், கரிசல்ல வெடிப்பு விழுந்த எடத்துல சக்கரம் எறங்கினா புரொப் போயிரும். சக்கரத்த ஒரு சைஸ் பெருசாக்குங்க. ஆக்கிட்டு திரும்ப மணலக் கட்டிப் பாருங்க, சக்கரமும் பேலன்ஸ் எடத்துக்கு முன்னால தான இருக்கு.