மறு: இன்செல்பெர்க் – தீவுமலையா, தனிக்கரடா?

> வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் 1900இல் ஆக்கிய ஜெர்மன் சொல். ‘இன்செல்’ தீவு, ‘பெர்க்’ மலை. ‘தீவுமலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம்.

சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் பாறைக்குன்றைக் குறிக்கும் ‘இன்செல்பெர்க்’குக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகத் ‘தீவுமலை’யைச் சொல்கிறீர்கள். சொல் அழகுதான். ஆனால் ‘தீவுமலை’ என்றதும் எனக்கு இராமேசுவரத்துக் கெந்தமாதன பர்வதம்தான் நினைவுக்கு வருகிறது. வயல்களுக்கு நடுவே மொட்டையாக எழுந்து நிற்கும் பாறைக்குன்றுக்கு மதுரை, தேனிப் பக்கத்தில் ‘கரடு’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. மலைத்தொடரை ஒட்டிய சிறு குன்றையும் அப்படிச் சொல்வதுண்டு என்பதால் ‘தனிக்கரடு’ என்று வரையறுத்துக்கொள்வோம்.

‘தீவு’ என்பதற்கு உயிரியல் பொருத்தம் உண்டு, மறுக்கவில்லை. பாறை ஓணானுக்குச் சுற்றியிருக்கும் நெல்வயல் கடல்தான். ஆனால் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிக்கு ஒருமுறை வாருங்கள். செங்குத்துப் பாறையின் விளிம்பொன்றிலிருந்து சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தால் அது பறவை எச்சம். மேலே வல்லூறோ இராசாளியோ குடியிருக்கிறது. கூடு பாறையில், இரை வயலிலும் கண்மாய்க்கரையிலும். பாறையிடுக்கில் இறங்கும் மழைநீர் சுனையாகக் கசிந்து கீழே வருகிறது. சுற்றுப்புறத்தோடு இவ்வளவு கொடுக்கல் வாங்கல் உள்ளதைத் தீவு என்று ஒதுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் உள்ளூர்க் குழுக்கள், ஊரிலுள்ள உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் குறித்துவைக்கும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவரிடம் போய்த் ‘தீவுமலையில் என்னென்ன இருக்கிறது’ என்றால் விழிப்பார். ‘கரட்டில்’ என்று கேளுங்கள். உசிலை, கிளுவை, தேவாங்கு, எறும்புத்தின்னி என்று அவரே அடுக்குவார்.

கரடு என்றால் பயனற்ற நிலம் என்ற தொனி வருகிறது என்று இந்த விவாதத்தில் ஓர் அம்மையார் எழுதியிருந்தார். வருவாய்ப் பதிவேடுகளில் ‘கல்லாங்குத்து’, ‘தரிசு’ என்று எழுதிவைத்த பாறைகள் குவாரிக்குப் போனதை மேலூர்க்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள், ஆகவே அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதே, அதுவும் இந்த வகை நிலம்தான். சுமார் 250 பறவையினங்கள், 200 இயற்கைச் சுனைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. கலைச்சொல் விளக்கத்தில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்த்துவிட்டால் தொனி தானாக மாறும்.

யானைமலையைக் கரடு என்றால் ஒத்தக்கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். இயற்பெயரில் கைவைக்கவில்லை, வகைப்பெயர்தான் கேட்கிறேன். நெல்லைப் பக்கத்துப் ‘பொத்தை’யை இணைச்சொல்லாகக் கொள்ளலாமா என்பதை அம்மாவட்ட நண்பர்கள் சொல்லட்டும்.