பெண் ஊழியர்களுக்கு மென்டரிங் திட்டம் போடச் சொல்றாங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

அம்பத்தூர் ஹெச்ஆர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஆட்டோ உதிரிபாகக் கம்பெனி. மொத்தம் 420 பேர், அதுல பெண்கள் 115. 70 பேர் ஷாப் ஃப்ளோர்ல (உற்பத்தி நடக்கற இடத்துல) இருக்காங்க, மீதிப் பேர் டிசைன், குவாலிட்டி, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ். மேனேஜர் கிரேடுல 4 பெண்கள்தான். சீனியர் எக்ஸிகியூட்டிவ் வரைக்கும் நல்லா வர்றாங்க, அதுக்கு மேல நகர மாட்டேங்குது. சிலர் அந்த இடத்துலயே வேலையை விட்டுடறாங்க. இதுக்காக ஒரு மென்டரிங் திட்டம் (அனுபவம் உள்ளவர் இன்னொருத்தருக்கு வழிகாட்டறது) 6 மாசத்துக்குப் போடச் சொல்லி எம்.டி. கேட்டிருக்கார். வெளியில இருந்து ஆள் கூப்பிடற அளவுக்கு பட்ஜெட் இல்ல.

எத்தனை ஜோடியோட ஆரம்பிக்கலாம்? யாரை யாரோட சேர்க்கிறது? ஆண்கள் மென்டரா இருக்கலாமா? பலன் இருந்துச்சான்னு எப்படிப் பார்க்கிறது? ஷாப் ஃப்ளோர் பெண்களையும் விட்டுடக் கூடாதுன்னு நினைக்கிறேன், ஆனா லைனை நிறுத்தி உட்கார வைக்க முடியாது. விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

கிண்டி பயிற்சிப்பிரிவு:

மேடம், முதல்ல அந்த 6 மாசத்தை 9 மாசமா மாத்திக் கேளுங்க. முதல் 2 மாசம் ரெண்டு பேரும் பழகறதுக்கே போயிடும். உங்க அப்ரைசல் (வருஷ வேலை மதிப்பீடு) ஏப்ரல்-மார்ச்னா, புரமோஷன் பட்டியல் பிப்ரவரியிலயே பேசி முடிச்சிடுவாங்க. ஜூன்ல ஆரம்பிச்சாதான், ஜனவரிக்குள்ள அந்தப் பொண்ணு கையில காட்டறதுக்கு ஒரு வேலை இருக்கும். செப்டம்பர்ல ஆரம்பிச்சா ஆயுத பூஜை, தீபாவளி, மழை, பொங்கல்னு பாதி சந்திப்பு தள்ளிப்போய் மார்ச் கடைசி வந்து நிக்கும்.

ஆபீஸ் பக்கம் 12 ஜோடி போதும், அதுக்கு மேல போனா ஒரு ஹெச்ஆரால கவனிக்க முடியாது. மென்டர் மட்டும் 14 பேரைத் தயார் பண்ணுங்க. ரெண்டு பேர் மாற்றல்லயோ வேலைப்பளுவுலயோ கழண்டுக்குவாங்க. ஒரு மென்டருக்கு ரெண்டு மென்டீக்கு (வழிகாட்டல் வாங்கிக்கறவங்க) மேல கொடுக்காதீங்க.

ஜோடி சேர்க்கறதுல விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒண்ணு இருக்கு. மென்டர் அவங்களோட பாஸா இருக்கக் கூடாது, பாஸோட பாஸாவும் இருக்கக் கூடாது. கிரேடு இடைவெளி ரெண்டு இருந்தா சரியா இருக்கும். டைரக்டரை மென்டராப் போட்டா போட்டோ நல்லா வரும், ஆனா நாலு சந்திப்புல மூணு கேன்சல் ஆகும். அப்புறம், ரெண்டு பக்கமும் ஒரு பக்க ஃபார்ம் வாங்குங்க. மென்டீகிட்ட "அடுத்த ரெண்டு வருஷத்துல எந்த நாற்காலியில உட்காரணும்", "அங்க போக இப்ப எது குறுக்க நிக்குது", "எந்த நாள், எந்த நேரம் முடியும்"னு கேளுங்க. மென்டர்கிட்ட எந்தெந்த முடிவுகள்ல நேரடியா உட்கார்ந்திருக்கார்னு கேளுங்க. பர்ச்சேஸ் பொண்ணுக்கு விலைப் பேச்சுவார்த்தை கத்துக்கணும்னா, அதை செஞ்ச ஆள்தான் வேணும். ஊர், காலேஜ், சுபாவம் ஒத்துப்போறதைப் பார்த்து சேர்த்தா அரட்டை நல்லா நடக்கும், வேலை நகராது.

முதல் 2 மாசம் 15 நாளைக்கு ஒரு தடவை 45 நிமிஷம், அப்புறம் மாசம் ஒரு தடவை ஒரு மணி நேரம். எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அடுத்த தேதி கேலண்டர்ல ஏறியிருக்கணும். முதல் நாள் சாயங்காலம் மென்டீ மூணு வரி அனுப்பணும்: போன தடவை பேசினதுல என்ன செஞ்சேன், எங்க மாட்டிக்கிட்டேன், நாளைக்கு எதைப் பேசணும். இந்த மூணு வரி நின்னுபோச்சுன்னா ஜோடி உடையப் போகுதுன்னு அர்த்தம். ஆறாவது வாரம் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா போன்ல கேளுங்க. சரிவரலேன்னா யாரையும் குறை சொல்லாம மாத்திடுங்க. மாத்த முடியும்னு முதல் நாளே சொல்லி வைக்கணும், இல்லேன்னா மரியாதைக்காக 9 மாசமும் சும்மா உட்கார்ந்துட்டு இருப்பாங்க. என்ன பேசினாங்கன்னு ஹெச்ஆர் கேட்கவே கூடாது. சந்திச்சாங்களா, என்னைக்கு, அது மட்டும் போதும்.

மென்டர்களுக்கு 2 மணி நேரப் பயிற்சி கொடுங்க, அதுல ஒரு மணி நேரம் பழகிப் பார்க்கறதா இருக்கட்டும். ஒரு உதாரணம் சொல்றேன். அப்ரைசல் ஃபார்ம்ல ஒரு பொண்ணு "சப்ளையர் ஃபாலோ-அப் பார்த்துக்கறேன், டீமுக்கு உதவியா இருக்கேன்"னு எழுதியிருப்பாங்க. மென்டர் அதைத் திருத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது. "எத்தனை சப்ளையர்? முன்னாடி லைன் எவ்வளவு நேரம் நின்னுச்சு? இப்ப எவ்வளவு? நீ என்ன மாத்தின?"ன்னு ஒவ்வொண்ணா கேட்கணும். கடைசியில அவங்களே எழுதுவாங்க: "தாமதமான 3 சப்ளையர்களுக்கு வாராந்திர அட்டவணை கொண்டு வந்தேன். பொருள் வராம லைன் நின்ன நேரம் மாசத்துக்கு 6 மணி நேரத்துல இருந்து 2 மணி நேரமாச்சு." ரெண்டு வாக்கியமும் ஒரே வேலைதான். ரெண்டாவதை வெச்சுதான் மேல இருக்கறவங்க வாதாட முடியும். கல்யாணம், குழந்தை பத்தி மென்டரா கேட்கக் கூடாது, அவங்களா எடுத்தா மட்டும் பேசலாம்னும் பயிற்சியிலயே சொல்லிடுங்க.

பெருங்குடி:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா இதோட நிறுத்தினா, அடுத்த வருஷமும் மேனேஜர் கிரேடுல அதே 4 பேர்தான் இருப்பாங்க. ஆலோசனை பெண்களுக்கு நிறையவே கிடைக்குது. முடிவு எடுக்கற அறையில பேர் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மினியா இபாராவும் கூட்டாளிகளும் 2010-ல எழுதின கட்டுரையிலயும் இதேதான் வருது. பெண்களுக்கும் மென்டர் இருந்தாங்க, ஆனா ஆண்களோட மென்டர்கள் இன்னும் மேல் பதவியில இருந்தாங்க, அவங்களுக்காகப் பேசினாங்க. அதை ஸ்பான்சர்ஷிப்னு சொல்றாங்க.

அதனால, ஒவ்வொரு மென்டீக்கும் புரமோஷன் கூட்டத்துல உட்கார்ற ஒருத்தரை அக்டோபருக்குள்ள முடிவு பண்ணுங்க. அவர் மென்டராவே இருக்கணும்னு இல்ல. ஆனா அந்தப் பொண்ணோட வேலையை அவர் கண்ணால பார்த்திருக்கணும். கஸ்டமர் ஆடிட், புது பார்ட் லான்ச், செலவு குறைப்பு புராஜெக்ட், இந்த மாதிரி ஒண்ணு அவங்க கையில கொடுத்து, அதை அவங்க வாயால அந்த ஸ்பான்சர் முன்னாடி சொல்ல வைங்க. அது நடக்கலேன்னா, கூட்டத்துல "நல்ல பொண்ணுதான், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்"னு ஒரு குரல் வரும், எல்லாரும் தலையாட்டிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. "ஒரு வருஷம் பார்க்கலாம்னா எதைப் பார்க்கணும்?"னு கேட்கறதுக்கு அங்க ஒருத்தர் வேணும்.

இன்னொண்ணு. மீட்டிங் மினிட்ஸ் யார் எழுதறாங்க, பர்த்டே கேக் யார் ஏற்பாடு, கோலம் யார் போடறாங்கன்னு ஒரு மாசம் குறிச்சு வைங்க. மார்ச் 8 மகளிர் தின விழாக் கமிட்டியில இருக்கறது யாரு? அப்ரைசல் எழுத வேண்டிய அதே ரெண்டு வாரம் உங்க பொண்ணுங்க மேடை அலங்காரத்துல இருப்பாங்க. விழா வேலையை முறை வெச்சு ஆண்களுக்கும் கொடுங்க. இதுக்கு பட்ஜெட்டே வேண்டாம்.

அளவீடு கேட்டீங்க. எத்தனை சந்திப்பு நடந்துச்சுங்கறது வருகைப்பதிவு, பலன் இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிரேடு வாரியா எடுத்து வைங்க: தகுதி வந்த ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, அதுல புரமோஷன் ஆனது எத்தனை, ஒரு கிரேடுல சராசரியா எத்தனை மாசம் இருந்தாங்க. 12 பேருக்கு சதவீதம் போட்டா ஒருத்தர் நகர்ந்தாலே 8 சதவீதம் ஏறும், அதுல அர்த்தமில்ல. பேர் பேரா பாருங்க. எப்படியும் புரமோஷன் ஆகப்போற கெட்டிக்காரப் பொண்ணுங்களை மட்டும் எடுத்துட்டு திட்டம் ஜெயிச்சுதுன்னு சொல்லாதீங்க. ஒரே கிரேடுல வழக்கத்தை விட அதிக நாள் நிக்கறவங்கள்ல இருந்து குறைஞ்சது பாதிப் பேரை எடுங்க.

ஒரகடம் லைன்:

ஷாப் ஃப்ளோருக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் முறை ஒத்து வராது. ஒரு மென்டருக்கு 5 அல்லது 6 பேர் கொண்ட குழுவா வைங்க.

நேரம்தான் பெரிய சிக்கல். ஷிப்ட் முடிஞ்ச பிறகு வைக்காதீங்க. கம்பெனி பஸ் ஷிப்ட் முடிஞ்ச கையோட கிளம்பிடும், தவறவிட்டா ஆவடி, திருவள்ளூர் பக்கம் போற பொண்ணு தனியா பஸ் மாறிப் போகணும். ரெண்டாவது வாரமே வர்றதை நிறுத்திடுவாங்க, ஆர்வமில்லேன்னு நீங்க எழுதிடுவீங்க. வேலை நேரத்துக்குள்ள, சம்பள நேரமா, 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்துக்கு ரிலீவர் (அவங்க இடத்துல நிக்கறவங்க) பேர் ஷிப்ட் பிளான்லயே எழுதியிருக்கணும். "பார்த்துக்கலாம்"னு விட்டா டார்கெட் குறைஞ்ச அன்னைக்கு முதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான். மாசக் கடைசி வாரம் டெஸ்பாட்ச் நெருக்கடி, அப்ப வைக்கவே வேண்டாம்.

ஷிப்ட் சுழற்சியையும் பாருங்க. வாரம் மாறி வாரம் ஏ, பி, சி சுத்தற இடத்துல, மென்டரும் குழுவும் ஒரே சுழற்சியில இல்லேன்னா பல வாரம் ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்க்க முடியாது. மென்டர் வேற லைன், ஆனா அதே சுழற்சி. இதை ஜோடி சேர்க்கும்போதே பார்த்துடணும், அப்புறம் மாத்தறது கஷ்டம்.

என்ன பேசறதுங்கறதுக்கு உங்க ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு (யாருக்கு எந்த ஸ்டேஷன் வேலை தெரியும்னு காட்டற பலகை) முன்னாடியே நில்லுங்க. ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஸ்டேஷன் வாரியா ஒரு வட்டம் இருக்கும். கால் வட்டம் நிரப்பியிருந்தா கத்துக்கறாங்க, அரை வட்டம்னா மேற்பார்வையில செய்வாங்க, முக்கால்னா தனியா செய்வாங்க, முழு வட்டம்னா சொல்லிக்கொடுப்பாங்க. பெண்களோட வரிசையைப் பாருங்க. ஒரே ஒரு ஸ்டேஷன்ல முழு வட்டம் இருக்கும், பக்கத்துல எல்லாம் வெறும் வட்டமா இருக்கும். கை வேகமா இருக்குன்னு சூப்பர்வைசர் அவங்களை அங்கேயே நிக்க வெச்சிருப்பார். நாலஞ்சு ஸ்டேஷன் தெரியாம யாரும் லைன் லீடர் ஆக முடியாது. அதனால மென்டரோட முதல் வேலை, 3 மாசத்துக்கு ஒரு புது ஸ்டேஷன்னு அந்தந்த சூப்பர்வைசர்கிட்ட தேதி வாங்கறது. ரெண்டாவது, ஷிப்ட் ஹேண்டோவர் எழுதறது, ரிஜெக்ஷன் ஷீட் நிரப்பறது, காலை மீட்டிங்ல நின்னு நேத்தைய நம்பரை சொல்றது. முதல் தடவை குரல் நடுங்கும், அதனால அதைக் குழுவுக்குள்ள ரெண்டு தடவை பழக விடுங்க. எல்லாம் தமிழ்லயே நடக்கட்டும். இங்கிலீஷ் தேவைன்னா ரிப்போர்ட்ல வர்ற சொற்களை மட்டும் எடுத்துக்கலாம்.

கான்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணுங்களைச் சேர்க்கறதா இருந்தா, பெர்மனென்ட் ஆகும்னு மென்டர் வாய் தவறிக்கூட சொல்லக் கூடாது.

வெளி உறுப்பினர்:

சட்டப் பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும், 2013-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மென்டர் அந்தக் குழுவுக்கு மாற்று இல்லை. ஒரு பெண் மென்டரிடம் இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால், மென்டர் தானே விசாரிக்கவோ சமரசம் பேசவோ கூடாது. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்ற தகவலைச் சொல்லி, முடிவை அவரிடம் விட வேண்டும். "பொறுமையாக இருந்து பார்" என்று மென்டர் சொன்ன வார்த்தையால் அந்தக் கெடு தாண்டிப் போவதுதான் அதிகம் நடக்கக்கூடிய தீங்கு. குழு உறுப்பினர்களையே மென்டராகப் போடாதீர்கள். புகார் வந்தால் அவர்களே விலக வேண்டியிருக்கும்.

எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே மென்டர் சொல்லிவிட வேண்டும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மேலே சொல்ல வேண்டிவரும், ஆனால் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்பது சரியான வரம்பு.

ஆண்கள் மென்டராக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கத்தான் வேண்டும். உங்களிடம் இருப்பது 4 பெண் மேனேஜர்கள். எல்லோரையும் அவர்கள் தலையில் கட்டினால், தங்கள் சொந்த வேலையில் பின்தங்கப் போவது அவர்கள்தான். இடம், நேரம் பற்றிய விதிகளை எல்லா ஜோடிகளுக்கும் ஒன்றாக வையுங்கள். அலுவலக நேரம், கண்ணாடிக் கதவுள்ள அறை அல்லது கேன்டீன், இரவில் வாட்ஸ்அப் கிடையாது. ஆண்-பெண் ஜோடிக்கு மட்டும் தனி விதி போட்டால் நீங்களே சந்தேகத்தை விதைத்தது போலாகும். ஜோடிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் போட்டுவிடுங்கள். வெளியே காபி ஷாப்பில் சந்தித்தாலும், வேலை தொடர்பாகப் போகும் இடமும் சட்டத்தின் பார்வையில் பணியிடம்தான் என்பதை மென்டர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் ஹெச்ஆர்:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். ஸ்கில் மேட்ரிக்ஸ் விஷயம் நாளைக்கே போய்ப் பார்க்கறேன். ஒரு சந்தேகம். மென்டீ பட்டியல்ல ரெண்டு பேர் நவம்பர்ல மகப்பேறு விடுப்புல போறாங்க. அவங்களை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடலாமா?

பெருங்குடி:

தள்ளாதீங்க மேடம், அவங்களுக்குத்தான் இது முக்கியமா வேணும். முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. நவம்பர்ல போனா மே மாசம் வருவாங்க. அதாவது அப்ரைசல் நடக்கறப்ப அவங்க இங்க இருக்க மாட்டாங்க. விடுப்புக்கு முன்னாடி மூணு வேலை முடிச்சிடுங்க. ஏப்ரல்ல இருந்து அதுவரைக்கும் செஞ்ச வேலையை அவங்களே எழுதி, மேனேஜர் கையெழுத்தோட வைக்கணும். வேலை செஞ்ச மாசங்களுக்குத்தான் ரேட்டிங், இல்லாத மாசங்களுக்கு வெட்டு கிடையாதுன்னு ஹெச்ஆர் குறிப்பா எழுதிடுங்க. திரும்பி வந்தா எந்த வேலைன்னு எழுத்துல இருக்கட்டும்.

விடுப்புல இருக்கறப்ப மென்டர் தானா கூப்பிடக் கூடாது. கூப்பிடலாமா, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு போறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டு வைக்கணும். சிலருக்கு மாசம் ஒரு போன் தெம்பா இருக்கும், சிலருக்கு வேண்டாம். திரும்பி வந்த முதல் மாசம் வாரம் ஒரு தடவை 20 நிமிஷம் சந்திக்கட்டும்.

கிண்டி பயிற்சிப்பிரிவு:

இதோட சேர்த்து, 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனிக்கு குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். உங்களுக்கு 420 பேர். கம்பெனிக்குள்ளயோ, பக்கத்துக் கம்பெனிகளோட சேர்ந்தோ ஏற்பாடு இருக்கான்னு மே மாசத்துக்கு முன்னாடி பார்த்துடுங்க. சென்னையிலேயே 2000-ல சௌந்தர்யா ராஜேஷ் தொடங்கின அவதார் மாதிரி, இடைவெளி எடுத்த பெண்களை மறுபடி வேலைக்குக் கொண்டு வர்றதுக்குன்னே நடத்தற நிறுவனங்கள் இருக்கு. உள்ளேயே இருக்கற பொண்ணை வெளியில விட்டுட்டு அப்புறம் தேடறதை விட இந்தக் காப்பக ஏற்பாடு சுலபம்.

மார்ச்ல திட்டத்தை முடிக்கறப்ப சர்டிபிகேட் விழா வேண்டாம். மென்டீ, அவங்க மேனேஜர், மென்டர், நீங்க, நாலு பேரும் 30 நிமிஷம் உட்காருங்க. அடுத்த வேலை என்ன, அதுக்கு இன்னும் எது குறையுது, எந்தத் தேதிக்குள்ளன்னு ஒரு தாள்ல எழுதி, மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க.