மச்சான் டெக்சாஸில் பழைய துவக்கு வாங்கப் போகிறார்: கண்காட்சியிலா, இணையத்திலா?

லேத்துக்காரன் (கொக்குவில்):

வணக்கம். நான் கொக்குவிலில் சின்ன லேத் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்ப் சாஃப்ட், உழவு இயந்திரத்துப் புஷ், ஏ-ஃபோர்ட்டி காருக்குக் கடையில் கிடைக்காத சாமான், இதுகள்தான் வேலை. ஆகையால் சொந்தத்துக்குள் யார் எந்தப் பழைய இரும்பை வாங்குவதென்றாலும் ஃபோன் எனக்குத்தான் வரும். இந்த முறை வந்தது துவக்கு.

மனைவியின் தம்பி ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார், கிரீன் கார்ட் உண்டு. கூட வேலை செய்பவரின் காணியைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிடுகிறதாம். அங்கே 2019 இலிருந்து, காணிக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸ் கூடத் தேவையில்லையாம். புது ரைபிள் விலை கூட என்பதால் பழையது தேடுகிறார். ஒன்று, சனி ஞாயிறுகளில் பெரிய மண்டபத்தில் மேசை மேசையாகப் பரப்பி விற்கும் துவக்குக் கண்காட்சி. மற்றது கன்புரோக்கர் என்ற ஏலத்தளம். மார்லின் 336 ஒன்றும் ரெமிங்டன் 700 ஒன்றும் படம் எடுத்து அனுப்பி, "அத்தான், எது நல்லம்?" என்று கேட்கிறார்.

துவக்கை நான் பார்த்ததெல்லாம் சென்றியடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, எதிர்முனையிலிருந்துதான். என்றாலும் குழல் குழல்தான், திருகாணி திருகாணிதான். இரும்பு தெரியும், அந்த நாட்டுச் சட்டமும் சந்தையும் தெரியாது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கோ.

டலஸ் வடலி:

அண்ணை, முதலில் ஒரு விஷயம். இணையத்தில் வாங்கினால் துவக்கு வீட்டு வாசலுக்கு வரும் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருந்தால் அது இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர் விற்றால், இவர் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள வியாபாரி ஒருவருக்குத்தான் அனுப்பலாம். மச்சான் அந்தக் கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ. பக்கம் பின்னணிச் சோதனை போடுவார். அது சரிவந்தால் கையில் தருவார். இதற்குக் கடைக்காரர் எடுக்கும் கூலி பொதுவாக 25 முதல் 50 டொலர் வரை. அனுப்பும் செலவு தனி. ஏலத்தில் மலிவாகத் தெரிகிற விலையோடு இதையெல்லாம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ.

கண்காட்சியில் மேசை போட்டிருப்பவர் லைசென்ஸ் வியாபாரி என்றால் அங்கேயும் இதே படிவம், இதே சோதனை. "கண்காட்சி என்றால் சோதனையே இல்லை" என்று ஊரில் கதைப்பது பாதிதான் உண்மை. லைசென்ஸ் இல்லாத தனியாள் தன் சொந்தத் துவக்கை அதே மாநிலத்து ஆளுக்கு விற்கும்போது மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை, டெக்சாஸும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற இடங்களில் அதுவும் கடைக்காரர் வழியாகத்தான். டெக்சாஸில் இருந்தாலும் நான் தனியாளிடம் வாங்கினால் ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ப் படிவம் போட்டுத்தான் எடுப்பேன். முன்பு யார் வைத்திருந்தது, களவு போனதா என்று ஒன்றும் தெரியாத துவக்கு. முப்பது டொலரோடு எனக்கு நித்திரை வரும்.

கிரீன் கார்ட்காரர் வாங்கலாம், தடை இல்லை. ஆனால் படிவத்தில் குடிவரவு எண் எழுத வேண்டும், அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குச் சோதனை முடிவு உடனே வராமல் "தாமதம்" என்று வருவது சாதாரணம். கண்காட்சியில் இதுதான் இடைஞ்சல். அமரில்லோவிலிருந்து வந்த வியாபாரியிடம் காசைக் கட்டிவிட்டுத் தாமதம் என்று வந்தால், ஞாயிறு பின்னேரம் அவர் மேசையை மடித்துக்கொண்டு போய்விடுவார். பிறகு ஹூஸ்டனிலிருந்து அவர் கடைக்கு ஓட வேண்டும். எந்த ஊர்க் கடை என்று காசு எடுக்க முதலே கேட்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று: கிரீன் கார்ட் இல்லாத, விசாவில் இருக்கும் ஒருவருக்காக இவர் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. படிவத்தில் "உண்மையாக வாங்குபவர் நீரா" என்ற கேள்வியே இருக்கிறது. 2022 சட்டத்துக்குப் பிறகு இதற்கு 15 வருடம் வரை சிறை. "அண்ணா, உங்கள் பெயரில் ஒன்று" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு விலகட்டும்.

கனடாப் பிள்ளை:

ரொறன்ரோவில் இருந்து இந்தத் திரியை வாசிப்பவர்களுக்கு: மேலே சொன்னது எதுவும் இங்கே செல்லாது. இங்கே முதலில் பயிற்சி, பிறகு துவக்கு வைத்திருப்பதற்கான பி.ஏ.எல். லைசென்ஸ், அப்புறம்தான் கடை. கைத்துப்பாக்கி விற்பனையை 2022 ஒக்டோபர் 21 இலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

லேத்துக்காரன் அண்ணா, ஏமாற்று விற்பனையையும் மச்சானுக்குச் சொல்லுங்கள். ஃபேஸ்புக் 2016 இலேயே தனியார் துவக்கு விற்பனையைத் தடுத்துவிட்டது, ஆகவே அங்கே விளம்பரம் போடுபவன் பெரும்பாலும் படத்தை மட்டும்தான் விற்கிறான். பாதி விலை போட்டுக் கிரிப்டோவில் காசு கேட்கும் தளங்களும் இருக்கின்றன. நேர்மையான விற்பனையாளர் வாங்குபவரின் கடைக்காரருடைய லைசென்ஸ் பிரதியைக் கேட்பார். வீட்டுக்கே அனுப்புகிறேன் என்பவன் கள்ளன்.

லேத்துக்காரன் (கொக்குவில்):

இரண்டு பேருக்கும் நன்றி. இனி என் பக்கத்து வேலை. மச்சானுக்குக் குரல் பதிவில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கோ.

நான் முதலில் பார்ப்பது திருகாணித் தலையை. வெட்டு கடிபட்டு, ஓரம் சுருண்டு கிடந்தால் தெரியாத கை ஒன்று திறந்திருக்கிறது. பம்ப் என்றாலும் கார் என்றாலும் இந்தக் கணக்குப் பிழைத்ததில்லை. அடுத்தது, இரும்பில் பதித்த எழுத்து. எழுத்தின் ஓரம் கூராக இல்லாமல் மழுங்கி, இரும்பு மட்டும் புதுக் கறுப்பாக மினுங்கினால், துருவைத் தேய்த்துவிட்டுத் திரும்பக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் அது வடிவாக இருக்கும். அந்த ரெமிங்டனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கவில்லை. மரமும் குழலும் தொடும் கோட்டில் நகத்தை ஓட்டினால் உள்ளே துரு இருந்தால் சுரசுரக்கும். குழலின் வாய் விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டிருந்தாலும் ரவை நேரே போகாது என்பது என் அனுமானம். கடைந்த விளிம்பு என்றால் அப்படித்தான்.

இதில் பாதியைக் கையில் எடுத்துத்தான் பார்க்க முடியும். அதனால் நான் கண்காட்சி என்கிறேன்.

டலஸ் வடலி:

அண்ணை, அனுமானம் சரி. வாய் விளிம்பு போனால் குறி போச்சு. குழலுக்குள் பார்க்கச் சின்ன டோர்ச் கொண்டுபோகச் சொல்லுங்கோ. ரெமிங்டன் என்றால் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாகப் பார்க்கலாம். மார்லினில் அது சுலபமில்லை, மேசைக்காரர் திருகாணி கழற்ற விடவும் மாட்டார். வெறுமை என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு, லீவரைத் திறந்து பின்னால் வெள்ளைக் கடதாசியை வைத்து வெளிச்சம் அடித்தால் வாய்ப்பக்கத்தால் புரி, அதாவது குழலுக்குள் வெட்டிய சுருள் கோடு, தெரியும். புரி கூராக இருக்க வேண்டும், சொறி பிடித்தது போல் குழி இருந்தால் வேண்டாம். வாசலில் எல்லாத் துவக்குக்கும் பிளாஸ்டிக் நாடா கட்டிவிடுவார்கள். கேட்டால் வெட்டிக் காட்டுவார்கள். கேட்காமல் விசையை இழுத்தால் முழு மண்டபமும் திரும்பிப் பார்க்கும்.

அந்த ரெமிங்டனை விடச் சொன்னது நல்லது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த 700 ரைபிள்களைத் தானாக வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே 2014 இல் திருப்பி அழைத்தது. தொடர் எண்ணைப் பார்க்காமல், ட்ரிகர் மாற்றியதற்கு அத்தாட்சி இல்லாமல் அதை எடுக்க வேண்டாம். மார்லின் என்றால் குழலில் "ஜேஎம்" முத்திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ரெமிங்டன் அந்த நிறுவனத்தை எடுத்துத் தன் தொழிற்சாலைக்கு வேலையை மாற்றுவதற்கு முந்தியவை பெரும்பாலும் அவை. விலை கூடக் கேட்பார்கள், தரும்.

ஆனால் கண்காட்சிதான் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். இணையத்தில் எடுத்தாலும் கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும், படிவத்தில் கையெழுத்து வைக்க முன், நீங்கள் சொன்ன அவ்வளவையும் பார்க்கலாம். மூன்று நாள் பார்வைக் காலம் தரும் விற்பனையாளரிடம் மட்டும் ஏலம் கேட்கட்டும். கையெழுத்து வைத்து எடுத்தால் பெரும்பாலும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

வட்டக்கச்சி விவசாயி:

டெக்சாஸ் பன்றிக்கு இவ்வளவு ஆராய்ச்சி. எங்கள் மரவள்ளிக்கு வாற பன்றிக்கு ஒருவரும் திரி தொடங்கவில்லை! மச்சான் லீவில் வரும்போது அந்த மார்லினைக் கொண்டுவர ஏலாதோ?

லேத்துக்காரன் (கொக்குவில்):

தம்பி, பகிடிக்கும் அந்தக் கதை வேண்டாம். இங்கே 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, லைசென்ஸ் இல்லாத ஒரு துவக்கோடு கட்டுநாயக்காவில் இறங்கினால் மச்சானைப் பிறகு மகசின் சிறையில்தான் பார்க்கலாம். வேலியை இறுக்கிக் கட்டும். தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு வைக்கும் யோசனை வந்தால் அதையும் விடும், பன்றிக்கு வைத்ததில் ஆட்களின் கால் போயிருக்கிறது.

வடலித் தம்பி, மச்சான் சனிக்கிழமை கண்காட்சிக்குப் போகிறாராம். டோர்ச்சும் கடதாசியும் வாங்கியாச்சு. மேசையடியில் நின்று வீடியோ கோல் எடுப்பார், இங்கே இரவு பதினொரு மணி ஆகும், நான் முழித்திருப்பேன்.