சொல்லாக்கம்: கலவைக்குப் போகும் திராட்சையைத் தனியே சுவைக்கும்போது

ராயபுரத்திலிருந்து:

வணக்கம். பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் கலவைகளில் பெத்தி வெர்தோ என்ற கருந்திராட்சை பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள்தான் சேரும். அந்தத் திராட்சையை மட்டும் நொதிக்கவைத்துப் புட்டியில் அடைத்த ஒயினைத் "தனித்தேறல்" எனலாமா? தேறல், அதாவது தெளிந்த மது, நமக்குப் பழைய சொல். யவனர் நன்கலத்தில் தந்த "தண்கமழ் தேறல்" புறநானூறு 56-இல் வருகிறது. கலவைக்குப் போகும் வகையைத் "துணைத்திராட்சை" எனலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

தேறல் சரி ஐயா, "தனி"தான் இடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 விழுக்காடு இருந்தாலே லேபிளில் ஒரே திராட்சையின் பெயரைப் போடலாம்; அமெரிக்காவில் பொதுவாக 75 போதும். மிச்சம் மெர்லோ என்ற வேறு திராட்சையாக இருந்தால் பெத்தி வெர்தோவின் துவர்ப்பு அமுங்கிவிடும், சுவைப்பவர் ஏமாறுவார். லேபிளை நம்பிச் சொல்வதற்கு "ஓரினத் தேறல்", நூற்றுக்கு நூறு என்று தெரிந்தால் மட்டும் "தனித்தேறல்" என வைப்போம்.

"துணை" என்பதும் திராட்சையின் குணமல்ல, அது வகிக்கும் இடம். கபர்னே ஃப்ரான் என்ற திராட்சை போர்தோவில் துணை, பிரான்சின் இன்னோர் ஊரான ஷினோனில் அதுவே தலை. ஊர்ப்பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்.

ராயபுரத்திலிருந்து:

இரண்டையும் ஏற்கிறேன். சுவைக்கும் முறையிலிருந்து இன்னொரு சொல் தேவைப்படுகிறது.

நம் பக்கத்து மே மாத அறையில் புட்டி 33 பாகை செல்சியஸுக்குப் போய்விடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பெத்தி வெர்தோவின் வயலட் பூ மணத்தை மறைத்துவிடும். பாதி ஐஸ், பாதி தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, வெப்பமானியில் 17 பாகை பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கி, கடுக்காய் கடித்தாற்போல் துவர்ப்பு மட்டும் நிற்கும். இந்தத் திராட்சை சிறியது, தோல் தடித்தது. சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம், அதனால்தான் அத்தனை நிறமும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும். தாமதமாகப் பழுப்பதால் குளிர்ந்த ஆண்டில் பச்சை வாடை அடிக்கும்.

கண்ணாடிக் குவளையைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மணம் ஒட்டும். கேன் தண்ணீர் நல்லது. 50 மி.லி. ஊற்றுங்கள். மிடறுக்கு மிடறு துவர்ப்பு கூடிக்கொண்டே போகும், ஆகவே கபர்னே ஃப்ரான் முதலில், பெத்தி வெர்தோ கடைசியில். நடுவே வெறும் ரொட்டி. காசிமேட்டு மீன் வறுவலைத் தள்ளி வையுங்கள்: ஒயினில் இரும்பு கூடுதலாக இருந்தால் மீன் கவிச்சி வாயில் தங்கிவிடும்.

பிறகு ஒரு மெர்லோ ஒயினை 50 மி.லி. வீதம் நான்கு குவளைகளில் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பெத்தி வெர்தோவை 1, 2, 3 மி.லி. சேருங்கள், நான்காவதில் எதுவும் வேண்டாம். எது எதுவென்று தெரியாமல் இன்னொருவர் நீட்டட்டும். வேறுபாடு முதலில் புலப்படும் அளவுக்கு "உணர்பங்கு" என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

உணர்பங்கு நன்றாக இருக்கிறது, பட்டியலில் சேர்க்கலாம். விளக்கத்தில் வெப்பநிலையையும் கட்டாயமாக்குங்கள் ஐயா; 17 பாகையில் எடுத்த உணர்பங்கு 28 பாகையில் பொருந்தாது.