26 லிட்டர் கேஸ் கீசர்: 12 நிமிடத்துக்கு மேல் சூடு நிற்பதில்லை. பெங்களூரு, 500 லிட்டர் புரூவரி

ஓசூர்_மால்ட்:
வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன புரூபப்பில் பீர் காய்ச்சுகிறேன். ஒரு முறைக்கு 500 லிட்டர். பழைய மின்சார ஹாட் லிக்கர் டேங்க் (காய்ச்சலுக்கான வெந்நீர்த் தொட்டி) சூடாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று முதலாளி போன மாதம் டேங்க் இல்லாத கேஸ் கீசர் ஒன்றை வாங்கி மாட்டினார். பெட்டியில் "நிமிடத்துக்கு 26 லிட்டர்" என்று போட்டிருக்கிறது.

பிரச்சினை இதுதான். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் தண்ணீர் 22 டிகிரியில் உள்ளே போகிறது. 78-க்கு செட் செய்து, வால்வைக் குறைத்து நிமிடத்துக்கு 11 லிட்டர் விடுகிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அருமையாக 78. அப்புறம் 71, 64 என்று இறங்கி, 25 நிமிடத்தில் சுடர் அணைந்து எர்ரர் காட்டுகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி போட்டால் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு அதே கதை. மத்தியானம் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. மேஷுக்கும் (மால்ட்டை ஊறவைக்க) ஸ்பார்ஜுக்கும் (பிறகு அதை அலசியெடுக்க) சேர்த்து 600 லிட்டர் வேண்டும், பாதிதான் கிடைக்கிறது.

விற்றவர் "உள்ளே உப்பு படிந்துவிட்டது" என்கிறார். ஒரு மாத கீசரில் அதற்குள்ளா? இருந்தாலும் வினிகர் விட்டுக் கழுவினேன். மாற்றமே இல்லை. இன்னொரு சந்தேகம்: அரைகுறைச் சூட்டில் டேங்கில் சேர்ந்த தண்ணீரைப் பம்ப் வைத்து மறுபடி கீசர் வழியாகவே சுற்றவிட்டு 78-க்கு ஏற்றலாமா?

கெட்டித்தண்ணி:
டேங்கர் தண்ணீரா, காவேரித் தண்ணீரா? போர்வெல் டேங்கர் என்றால் ஒரு மாதமே அதிகம். 60 டிகிரிக்கு மேல் போனால் சுண்ணாம்பு வேகமாகப் படியும், நீங்கள் 78-இல் ஓட்டுகிறீர்கள். வினிகர் போதாது, சிட்ரிக் ஆசிட்டை ஒரு மணி நேரம் சுற்றவிட்டுப் பாருங்கள்.

நுரைதள்ளி:
உப்பு படிந்திருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே சூடு குறைவாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வரத்து குறையும். பன்னிரண்டு நிமிடம் சரியாக ஓடிவிட்டு உப்பு திடீரென்று ஞாபகம் வந்த மாதிரி நடந்துகொள்ளாது. எனக்கு கேஸ் பக்கம்தான் சந்தேகம். எத்தனை சிலிண்டர் வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று, அந்த 26 லிட்டர் கணக்கு 25 டிகிரி ஏற்றத்துக்கு. குளியலறைக் கணக்கு. உங்களுக்கு 56 டிகிரி ஏற்றம் வேண்டும், அதனால் அதே கீசர் நிமிடத்துக்குப் பதினொன்றரை லிட்டர்தான் தர முடியும். நீங்கள் 11 விடுவது சரிதான். வாங்கும் முன்பே இதைச் சொல்லாத கடைக்காரரை என்ன சொல்வது.

ஓசூர்_மால்ட்:
ஆர்.ஓ. தண்ணீர் அக்கா, பிறகு கால்சியம் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் கீசருக்குப் போவது ஆர்.ஓ.தான், உப்பு வர வழியில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்டாண்ட்பை.

நீலச்சுடர்:
தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒற்றை சிலிண்டர்.

22-லிருந்து 78-க்கு, நிமிடத்துக்கு 11 லிட்டர் என்றால் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் 43 கிலோவாட். கீசரின் திறனை 85 சதவீதம் என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 4 கிலோ எல்.பி.ஜி. எரிய வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகத்தான் வெளியே வருகிறது, ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் சுவர் வழியாகச் சுற்றுக் காற்றிலிருந்து எடுக்கிறது. 19 கிலோ சிலிண்டர் ஒன்று தொடர்ந்து ஓடினால் மணிக்கு ஒரு கிலோ தருவதே பெரிது என்பது என் அனுபவம். நீங்கள் நாலு மடங்கு உறிஞ்சுகிறீர்கள். சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, சுடர் சுருங்குகிறது. அதிலும் கலவையில் உள்ள புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிடும், மீதி நிற்பது பெரும்பாலும் பியூட்டேன். அது கொதிக்கும் நிலையே பூஜ்ஜியம் டிகிரிக்கு ஒட்டித்தான். சிலிண்டர் அந்தச் சூட்டுக்கு இறங்கினால் அழுத்தம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. மத்தியானம் பரவாயில்லை என்றீர்களே, அது வெயிலின் தயவு.

நாளைக் காலை பதினைந்தாம் நிமிடத்தில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். பாதிக்குக் கீழே வியர்த்திருக்கும், சில சமயம் உறைபனியே பூத்திருக்கும். பிறகு கேஸ் ஃபிட்டரை அழைத்து, கீசரின் சோதனை முனையில் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குழாயை மாட்டச் சொல்லுங்கள். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் தண்ணீர் மட்ட வித்தியாசம் 30 சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். கீசர் அணைந்திருக்கும்போது பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று போய்விடுவார்கள், விடாதீர்கள். முழுச் சுடரில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீக்கடையில் செய்வது போல சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது, படுக்க வைப்பது, இரண்டும் வேண்டாம். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

ஓசூர்_மால்ட்:
அண்ணா, தொட்டுப் பார்த்தேன். கை ஒட்டிக்கொண்டது! கீழே மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக உறைபனி. கண்ணாடிக் குழாயில், கீசர் நின்றபோது 31, சுடர் வந்ததும் 26, பன்னிரண்டாம் நிமிடம் 15, அப்புறம் இறங்கிக்கொண்டே போனது. ஃபிட்டரும் அசந்துவிட்டார்.

இப்போது எத்தனை சிலிண்டர் சேர்க்க வேண்டும்? மறுசுழற்சிக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.

நீலச்சுடர்:
ஐந்து. ஐந்தையும் ஒரே மேனிஃபோல்டில் (பொது இணைப்புக் குழாயில்) ஒரே சமயத்தில் திறக்க வேண்டும், இரண்டு ஓட மூன்று தூங்கக் கூடாது. ஐந்துக்கு 95 கிலோ. 100 கிலோவைத் தாண்டினால் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் என்று வேறு அலைச்சல், அதனால் இந்த எண்ணிக்கை தோதாக இருக்கும். காலி ஆவதும் ஐந்தும் ஒன்றாகத்தான், அதனால் எடை பார்த்து முன்கூட்டியே ரீஃபில் சொல்லி வையுங்கள். ரெகுலேட்டரும் அந்த அளவு கேஸ் விடுவதாக இருக்க வேண்டும், வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இங்கே செல்லாது. பின்னால் இன்னொரு கீசர் மாட்டும் எண்ணம் இருந்தால் திரவமாக எடுக்கும் எல்.ஓ.டி. சிலிண்டரும் அதை ஆவியாக்கும் வேப்பரைசரும் போடுங்கள். உங்கள் தெருவில் குழாய் எரிவாயு வந்திருந்தால் அதுவே நல்லது, ஆனால் எல்.பி.ஜி. கீசரை அப்படியே அதில் மாட்டக் கூடாது. அந்த கேஸுக்கான ஜெட் கிட் (பர்னர் துளைகளை மாற்றும் செட்) கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நுரைதள்ளி:
மறுசுழற்சி பற்றி நான் சொல்கிறேன். உங்கள் கீசர் கையேட்டில் உள்ளே வரும் தண்ணீரின் அதிகபட்சச் சூடு எவ்வளவு என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீருக்கென்று செய்த பல மாடல்கள் 60 டிகிரித் தண்ணீரை உள்ளே விட்டால் சுடரை ஏற்றவே மறுக்கும், இல்லாவிட்டால் அடிக்கடி அணைந்து எரியும். எங்களுடையது அப்படித்தான் போனது, ஒரு இக்னைட்டர் செலவு. அந்தப் பழைய டேங்கைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முதல் நாள் மாலையே கீசரில் பிடித்து அதில் நிரப்புங்கள். நல்ல இன்சுலேஷன் இருந்தால் இரவில் ஐந்தாறு டிகிரிதான் இறங்கும். 6 கிலோவாட் ஹீட்டர் 600 லிட்டரைப் பத்து டிகிரி ஏற்றவே ஒரு மணி பத்து நிமிடம்தான். காலையில் கேஸ் சண்டையே இல்லை.

கேட்கவே தயங்குகிறேன், வோர்ட்டை (கொதித்த மால்ட் சாற்றை) குளிர்விக்கும்போது பிளேட் கூலரிலிருந்து வரும் சுடுதண்ணீரை என்ன செய்கிறீர்கள்?

ஓசூர்_மால்ட்:
வடிகாலில் போகிறது அக்கா.

நுரைதள்ளி:
அடப்பாவி. 2024 மார்ச்சில் டேங்கருக்குக் காத்துக் கிடந்த ஊரிலா! உங்கள் ஊரில் வோர்ட் 97 டிகிரியில் கொதிக்கிறது. 500 லிட்டரைக் குளிர்விக்கும்போது ஓட்டத்தைச் சரியாக வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீர் 65, 70 டிகிரியில் வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரையே கூலரில் விட்டு அதை டேங்கில் பிடியுங்கள், அடுத்த காய்ச்சலுக்குப் பாதி வேலை முடிந்தது. வோர்ட் 28-க்குக் கீழே இறங்க மட்டும் கிளைகால் (சில்லரில் குளிர்வித்த திரவம்) வேண்டும்.

கெட்டித்தண்ணி:
ஆர்.ஓ. என்றால் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் கழுவும் ஹோஸுக்கு அதே கீசரில் போர்வெல் தண்ணீர் விடாதீர்கள், அப்போது நான் சொன்னது நடக்கும்.

ஓசூர்_மால்ட்:
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஐந்து சிலிண்டர், புது ரெகுலேட்டர். நின்றபோது 31, ஓடும்போது 28, கடைசி வரை 27-க்குக் கீழே போகவில்லை. 600 லிட்டர் 55 நிமிடத்தில் வந்தது, 77-லிருந்து 78-க்குள்ளேயே நின்றது. நேற்று கூலர் தண்ணீரையும் டேங்கில் பிடித்தேன், 66 டிகிரி. முதலாளி விற்றவரிடம் வினிகர் காசு கேட்கப் போகிறாராம்.

நீலச்சுடர்:
மகிழ்ச்சி தம்பி. சிலிண்டர்களை எங்கே வைத்தீர்கள்?

ஓசூர்_மால்ட்:
பின்பக்கச் சந்தில், கூரைக்குக் கீழே. பக்கத்தில் தரை வடிகால் ஒன்று இருக்கிறது.

நீலச்சுடர்:
எல்.பி.ஜி. காற்றைவிட கனம், கசிந்தால் நேராக அந்த வடிகாலில் இறங்கி உங்கள் புரூஹவுஸ் தரைக்கு வந்து நிற்கும். இன்றே சிலிண்டர்களை அங்கிருந்து நகர்த்துங்கள். நகர்த்தும் வரை கீசரைப் பற்றவைக்காதீர்கள்.

ஓசூர்_மால்ட்:
ஃபிட்டருக்கு போன் போட்டுவிட்டேன் அண்ணா. இன்று காய்ச்சல் இல்லை.