ஏசி போட்டால் 'கர்ர்ர்' சத்தம்: கம்ப்ரஸரையே மாற்றணுமா?

வளைகாப்பி:
9 வருஷ பெட்ரோல் கார், ஏசியில் ஆர்134ஏ கேஸ். ஏசி போட்டதும் பானட்டுக்குள் கர்ர்ர்னு அரைக்கிற சத்தம். அணைத்தாலும் மெல்லிசா கேட்குது. கூலிங்கில் குறையில்லை. கம்ப்ரஸரே போச்சுன்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க. டேஷ்போர்டு பின்னாடி டிக் டிக்னு ஒன்று தனியா வருது.

ஸ்பேனர்14:
அணைத்த பிறகும் கேட்குதுன்னா முதல் சந்தேகம் கம்ப்ரஸர் முன்னாடி பெல்ட் ஓடுற சக்கரத்தின், அதாவது கிளட்ச் புல்லியின், பேரிங் மேல்தான். ஏசி போட்டால்தான் கிளட்ச் கம்ப்ரஸரைப் புல்லியோடு பிடிக்கும். ஏசி ஓடாதபோதும் பெல்ட் அந்தப் புல்லியைச் சுற்றிக்கிட்டேதான் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றுங்க. சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போயாச்சு. அப்படியே ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிடும் சக்கரம்), டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) இரண்டையும் சுற்றிப் பாருங்க. அதே சத்தம் அங்கிருந்தும் வரும்.

பேரிங் மட்டும் மாற்ற கேஸை இறக்க வேண்டாம். கழற்றும் வரிசை: முன் நட்டு, கிளட்ச் பிளேட், சர்க்ளிப் (பூட்டு வளையம்), பிறகு புல்லி. கேஸ் கசியாமல் அடைக்கிற ஷாஃப்ட் சீலைத் தொடறதே இல்லை. பேரிங்கில் பொறித்த நம்பரைப் பார்த்து வாங்குங்க. பிளேட்டுக்கு அடியில் இருக்கிற ஷிம்மை (மெல்லிய வாஷர்) தொலைச்சிடாதீங்க. திரும்பப் பூட்டும்போது பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் வரணும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வச்சுப் பாருங்க. அதிகமானால் கிளட்ச் வழுக்கும், குறைந்தால் உரசும். கிளட்ச் பிடிக்கும்போது வர்ற ஒரு 'டக்' இயல்புதான். (கிளட்ச் இல்லாத வேரியபிள் கம்ப்ரஸருக்கு இந்த இடைவெளிக் கணக்கு பொருந்தாது.)

ஐஸ்கட்டி:
அவசரப்படாதீங்க. பேரிங் நல்லா இருந்து, ஏசி போட்டால் மட்டும் சத்தம் பெரிசாகுதுன்னா கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்டணும். 30–35 டிகிரி வெயிலில் ஐடிலிங்கில் லோ சைடு (கம்ப்ரஸருக்குள் போகிற பக்கம்) 30–45, ஹை சைடு (வெளியே வருகிற பக்கம்) 200–250 பிஎஸ்ஐ சுமாராக வரும். ஹை சைடு எகிறினால் கேஸ் அதிகம், இல்லை கண்டென்சர் (முன்னாடி கேஸைக் குளிர வைக்கிற வலை) ஃபேன் சரியா ஓடலை. 'இன்னும் கொஞ்சம் கேஸ் அடிச்சா சரியாகும்'னு சொன்னால் கேட்காதீங்க. பானட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம்னு போட்டிருக்கும், எடை போட்டுத்தான் ஏற்றணும்.

கேஸ் குழாயில் உலோகத் தூள் வந்திருந்தால் மட்டும் கம்ப்ரஸர் கதை முடிஞ்சது. அப்போ டிரையர் (ஈரம் உறிஞ்சுறது), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கிறது), கண்டென்சரும் சேர்த்து மாற்றணும். கண்டென்சரின் மெல்லிய குழாய்களில் சிக்கின தூளைக் கழுவி எடுக்க முடியாது, அது புதுக் கம்ப்ரஸரையும் தின்னுடும்.

ஸ்பேனர்14:
சரிதான். கர்ர்ர்னு இல்லாமல் கீச்சுன்னு வந்தால் மட்டும், இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கம் தண்ணீர் தெளிங்க, கை தூரமாகவே இருக்கட்டும். அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் டென்ஷன் குறைவு.

டேஷ்பலகை:
டிக் டிக்குக்கும் கம்ப்ரஸருக்கும் சம்பந்தமில்லை. ஃபேன் வேகத்தை மாற்றிப் பாருங்க. வேகத்தோடு கூடினால் புளோயரில் (உள்ளே காற்று தள்ளும் ஃபேன்) இலை, சருகு. ஃபில்டரைக் கழற்றி எடுத்துடலாம். வெப்பநிலை குமிழைத் திருப்பும்போதோ சாவி போட்டதுமோ பத்துப் பதினைந்து தடவை டிக் அடிச்சு நின்றால், காற்று வழியை மாற்றும் ஃபிளாப்பைத் திருப்பும் ஆக்சுவேட்டரில் (சின்ன மோட்டார்) பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும்.

ஏசி அணைத்ததும் சில விநாடி 'உஸ்ஸ்'னு கேட்பதை விட்டுடுங்க, அது அழுத்தம் சமமாகிற சத்தம். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலம்பினால், ஏசி தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் அடைப்பு.