ஏசி ஓடுது, குளிர் மட்டும் வரலை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாலாற்றங்கரை

கார் ஏசிக்கு மூணாவது தடவை கேஸ் ஏத்தி 19 நாள்தான் ஆகியிருந்தது. கத்திரி வெயில். அப்பாவை மதுரையில தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். திண்டிவனம் தாண்டினதும் காத்து வருது, குளிர் இல்லை. உளுந்தூர்பேட்டையில நிறுத்தினப்போ அப்பா தோள்ல கிடந்த துண்டைத் தண்ணியில நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு, "கண்ணாடியை இறக்கிடுப்பா, காத்து வந்தா போதும்"னார். அவருக்கு 74 வயசு.

மேலூர் பக்கத்துல ஒரு சின்ன ஷெட். அங்க இருந்த அண்ணன் கேஸ் பிரஷர் காட்டுற கேஜை மாட்டிப் பார்த்தார். இன்ஜின் ஆஃப்ல முள்ளு 30 பிஎஸ்ஐகூடத் தொடலை. கேஸ் போடட்டுமான்னு அவர் கேக்கவே இல்லை. காருக்கு அடியில படுத்து, ஏசி தண்ணி சொட்டுற குழாய்க்குள்ள வெள்ளைத் துணியை விட்டுத் துடைச்சு எடுத்தார். விரல்ல தேய்ச்சுக் காட்டினார், கேஸோட சேர்ந்து ஓடுற எண்ணெய்ப் பிசுக்கு. அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஒரு நீல டார்ச்சை அடிச்சார். அந்தத் துணி பச்சையும் மஞ்சளுமா மின்னுச்சு பாருங்க, இன்னும் கண்ணுல நிக்குது. டேஷ்போர்டுக்குள்ள கூலிங் காயில் ஓட்டை. "கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, எரிஞ்சு தீர்றதுக்கு?"ன்னார்.

கசிவு தேடுற சாயத்தை ஏற்கெனவே யாரோ ஏத்தியிருக்காங்க. நான் செகண்ட்ஸ்ல வாங்கின வண்டி, பழைய ஓனர் காலத்துலதா இருக்கும்னு நினைச்சேன். மூணு தடவையும் கேஸ் போட்டது ஒரே கடை. ஒரு தடவைகூட யாரும் அடியில குனிஞ்சு பார்க்கலை.

இரவு டூட்டி

என்னோடது வேற. ஓடினா ஜில், நின்னா சூடு. பரனூர் டோல்ல வரிசை நகரவே இல்லை, பின்சீட்ல ரெண்டு வயசானவங்க. பானெட்டைத் திறந்தா கேஸை அழுத்தித் தள்ளுற கம்ப்ரசர் சுத்துது, சூட்டை வெளிய விடுற கண்டென்சரோட ஃபேன் அசையலை. குடிக்க வச்சிருந்த ரெண்டு லிட்டர் தண்ணியை கிரில் வழியா கண்டென்சர் மேல ஊத்தினேன். உள்ள இருந்து அந்த அம்மா, "தம்பி, குளிருது குளிருது"ன்னு குரல் கொடுத்தாங்க. மூணு நிமிஷம்தான், மறுபடி வெக்கை. ஃபேன் மோட்டார் மாத்தினேன், முடிஞ்சுது. கேஸ் ஒரு கிராம்கூடக் குறையலை. அதனால எல்லாத்துக்கும் கசிவுதான் காரணம்னு எடுத்துக்காதீங்க.

அமராவதிக்கரை

முதல் பதிவுல அந்த அண்ணன் சொன்னதை நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். ரப்பர் ஹோஸ் வழியாவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாவும் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாப் போகத்தான் செய்யும். பழைய வண்டி சில வருஷத்துக்கு ஒருதடவை கேஸ் கேட்டா அது இயல்பு. 19 நாள்ல காலியானா அது ஓட்டை. ரெண்டையும் ஒண்ணாப் பேசக் கூடாது.

என் கதை சின்னது. காத்தே கம்மியா வந்தது. க்ளவ் பாக்ஸைக் கழட்டி கேபின் ஃபில்டரை இழுத்தேன், வேப்பம்பூ சருகு அப்பளம் மாதிரிப் படிஞ்சு கிடந்தது. மாத்தினேன், சரியாச்சு.

ஆனா கேஸ் போடப் போறவங்க இதைக் கேட்டுக்கோங்க. பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், ஆர்134ஏ (கேஸோட பேரு) இத்தனை கிராம்னு. புது வண்டின்னா ஆர்1234ஒய்எஃப் ஆகவும் இருக்கலாம், ஒண்ணோட ஒண்ணைக் கலக்கவே கூடாது. எடை மெஷின்ல வச்சு கிராம் கணக்குக்கு ஏத்தச் சொல்லுங்க, கேஜ் முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பா வேண்டாம். அதிகமாப் போட்டாலும் கம்ப்ரசர்லேருந்து கேஸ் வெளிய வர்ற பக்கம் (ஹை சைடு) பிரஷர் ஏறி குளிர் குறையும். ஏத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற காத்தும் ஈரமும் போக அரை மணி நேரமாவது பம்ப் வச்சு வேக்குவம் இழுக்கணும், பம்ப்பை நிறுத்தின பிறகு முள்ளு அப்படியே நிக்குதான்னு கால் மணி நேரம் பார்க்கணும். உள்ள ஈரம் இருந்தா காயிலுக்கு முன்னாடி இருக்கிற எக்ஸ்பான்ஷன் வால்வோட சின்னத் துவாரத்துல ஐஸ் கட்டி அடைக்கும், எண்ணெயோட சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். காயிலோ கண்டென்சரோ மாத்தினா ஈரத்தை உறிஞ்சுற டிரையரையும் சேர்த்து மாத்துங்க. டப்பாவில விக்கிற லீக் சீலர் பக்கம் போகாதீங்க, வால்வை அடைச்சுடும். கடற்கரையோரம் இருக்கிறவங்க வாராவாரம் கண்டென்சரை நல்ல தண்ணியில மெதுவா கழுவுங்க, உப்புக்காத்து அலுமினியத்தை அரிச்சுடும்.

ஆனைமலை அடிவாரம்

பாலக்காடு ரோட்ல பட்டப்பகல்ல ஏசி நின்னுபோச்சு. "கம்ப்ரசர் போச்சு, 28,000 ஆகும்"னு ஒரு கடையில சொன்னாங்க. மனசு கேக்கலை. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில பார்த்தா ஏசிக்குக் கரண்ட் விடுற சுவிட்ச், அதாவது ரிலேயும், ஹார்ன் ரிலேயும் ஒரே எண். பிடுங்கி இடம் மாத்திச் சொருகினேன். பானெட்டுக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம், கம்ப்ரசரை இன்ஜினோட சேர்க்கிற கிளட்ச் ஒட்டிக்கிச்சு. அந்த 'டக்' கேட்ட நிமிஷம் என் கை நடுங்கினது எனக்குத்தான் தெரியும், பையன் வேர்த்துக் கொட்டித் தூங்கிட்டு இருந்தான். ஹார்ன் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு முதல் கடையிலயே வேற ரிலே வாங்கிப் போட்டேன். 28,000 சொன்னவங்க அந்த மூடியைத் திறக்கவே இல்லை.

நொய்யல் ஏசி வேலை

நான் இந்தத் தொழில்ல இருக்கேன், திருப்பூர்ப் பக்கம். எங்க ஆளுங்க மேலயே எல்லாரும் போடுறீங்க. கூலிங் காயில் மாத்த நிறைய வண்டியில டேஷ்போர்டையே இறக்கணும், ஒரு நாள் போயிடும். அதைச் சொன்னா பத்துல எட்டுப் பேர், "இப்போ கேஸ் மட்டும் போடுங்க, ஊருக்குப் போகணும்"னுதான் சொல்றாங்க. கட்டாயப்படுத்தவா முடியும்?

ஆனா நானும் ஒண்ணு செஞ்சிருக்கேன். போன சித்திரையில ஒருத்தர் அவசரம்னார், பார்க்காம போட்டு அனுப்பிட்டேன். எட்டாம் நாள் திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கின அவங்க வீட்டம்மா கையில கைக்குழந்தை, சட்டை போடலை, முதுகு பூரா வேர்க்குரு, முந்தானையால விசிறிக்கிட்டே நின்னாங்க. ஒரு வார்த்தை திட்டலை. அன்னிலேருந்து நைட்ரஜன் ஏத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்டா சோப்பு நுரை தடவிப் பார்க்காம என் கையால கேஸ் போடுறதில்லை. வேண்டாம்னா வேற கடை பாருங்கன்னு சொல்லிடுறேன்.

பாலாற்றங்கரை

அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு வண்டியில கிடந்த பழைய பில்லை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடை பில் மூணும் இருக்கு. ரெண்டாவது பில்லுல கேஸ் சார்ஜுக்குக் கீழ தனி வரியா 'லீக் டெஸ்ட் டை, 300 ரூபாய்'னு போட்டிருக்கு. பழைய ஓனர் இல்லை, அவங்களேதான் ஏத்தியிருக்காங்க. மூணாவது தடவை போனப்போ அந்த நீல டார்ச்சை ஒரு தரம் அடிச்சிருந்தா போதும்.

காயில் மாத்தியாச்சு. வென்ட்ல தெர்மாமீட்டர் 7 டிகிரி காட்டுது. அப்பாவைக் கூட்டிட்டு வர வெள்ளிக்கிழமை கிளம்புறேன்.